விருந்தினர் கையில் மண்வெட்டி

கோடை விடுமுறை என்றதும் வெயிலும் மாம்பழமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 2023ஆம் ஆண்டின் கோடை விடுமுறையை நாங்கள் மழையிலும் சேற்றிலும் கழித்தோம். அருட்சகோதரியர் இருவர், ஆசிரியை ஒருவர், பள்ளிப்படிப்பை முடித்த மாணவியர் இருவர் ஆக ஐந்து பேர், கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நாட்டில் ஒரு மாதம் தங்கி, அங்குள்ள சகோதரியர் நடத்தும் மருந்தகத்திலும் மழலையர் பள்ளியிலும் உதவி செய்தோம். “அங்கே என்ன பணி செய்தீர்கள்?” என்று பலரும் கேட்கிறார்கள். அந்த மக்கள் எங்களுக்குச் செய்ததைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலை கிளிமஞ்சாரோ. உயரம் 5,895 மீட்டர். பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தும் அதன் உச்சியில் பனி உண்டு. மலையின் தென்சரிவில், மோஷி நகருக்கு மேலே, சாகா இன மக்களின் ஊர்கள் இருக்கின்றன. மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக்காலம். ஆகவே நாங்கள் போய் இறங்கிய நாளில் மலையையே காணோம். பத்து நாட்கள் கழித்து ஒரு விடியற்காலையில்தான் மேகம் விலகிப் பனிமுடியோடு காட்சி தந்தது.

அங்கே வீட்டைச் சுற்றித் தோட்டம். அதற்குக் கிஹம்பா என்று பெயர். உயர்ந்த மரங்களின் நிழலில் வாழை, வாழையின் நிழலில் காப்பிச் செடி, அதன் காலடியில் கிழங்கும் பீன்ஸும் வளர்கின்றன. தொழுவத்தில் கட்டிய பசுவுக்குப் பெண்கள் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள். சாணம் வாழைக்கு உரமாகிறது. வாழைத்தண்டும் இலையும் பசுவுக்குத் தீனியாகின்றன. காப்பியை அங்கே கொண்டுவந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கத்தோலிக்க மறைப்பணியாளர்கள். 1933இல் அம்மலைச்சரிவின் காப்பி விவசாயிகள் தங்களுக்கென ஒரு கூட்டுறவு ஒன்றியத்தையே அமைத்துக்கொண்டார்கள். வாழைக்காய்தான் முக்கிய உணவு. இறைச்சியோடு சேர்த்து வேகவைத்து மசித்த வாழைக்காய்க் கஞ்சியை, பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியமாகக் கொடுக்கிறார்கள்.

சுவாஹிலி மொழியில் எங்களுக்கு முதலில் பழக்கமான சொற்கள் சாயும் சப்பாத்தியும்தான்! பிறகு மரியாதைச் சொற்களைக் கற்றோம். பிறர் வீட்டு வாசலில் நின்று “ஹோடி” என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து “கரிபு” என்று பதில் வந்தபின்தான் நுழையலாம். பெரியவர்களைக் கண்டால் “ஷிகமூ” என்று சொல்ல வேண்டும். ‘உங்கள் பாதங்களைப் பற்றுகிறேன்’ என்பது அதன் ஆதிப்பொருள். அவர்கள் “மரஹபா” என்று அதை ஏற்றுக்கொள்வார்கள்.

நேரக்கணக்கில்தான் ஏமாந்தோம். நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை கணக்கிட்டதுபோல, அவர்கள் உதயத்திலிருந்து மணி எண்ணுகிறார்கள். நம்முடைய காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. தையல் வகுப்பை இரண்டு மணிக்கு வைத்துக்கொள்வோம் என்று தாய்மார்கள் சொல்ல, நாங்கள் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நின்றோம். அவர்களோ காலை 8 மணி முதல் கைக்குழந்தைகளோடு காத்திருந்திருக்கிறார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எங்களுக்காகப் பிளாஸ்கில் வைத்திருந்த தேநீரை ஊற்றிக் கொடுத்து, “பாவம், வெகுதூரம் நடந்து வந்தீர்கள்” என்றார்கள்.

இப்படி எத்தனையோ! செம்மண் சேற்றில் நாங்கள் வழுக்குவதைப் பார்த்துச் சிறுவர்கள் ஊன்றுகோல் வெட்டித் தந்தார்கள். திடீர் மழையில் ஒரு பெண் தன் தோளில் கிடந்த கங்காத் துணியை எடுத்து எங்களுக்குப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டே போனாள்.

இத்தனை அன்பையும் பெற்ற நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

காலில் புண்ணோடு ஒரு சிறுமி தினமும் மருந்தகத்துக்கு வருவாள். அழைத்துவருபவர் அவளுடைய பாட்டி. பாட்டியை அங்கே ‘பிபி’ என்பார்கள். புண் ஆறத் தொடங்கியதும் பிபி எங்களை வீட்டுக்கு அழைத்தார். போனோம். முற்றத்தில் ஒரு கோழியைப் பிடித்துக் கால்களைக் கட்டி வைத்திருந்தார். முட்டை விற்றுத்தான் அவர் பேரக்குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கோழியை உண்ண மனம் வருமா? “இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தோம்” என்று பொய் சொல்லி, தேநீர் மட்டும் பருகித் திரும்பினோம். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தோம்.

மறுநாள் சிறுமி பக்கத்து வீட்டாரோடு வந்தாள். அடுத்த நாளும் பிபி வரவில்லை. அவ்வூர்ச் சகோதரி ஒருவரிடம் விசாரித்தோம். அவர் மெதுவாகச் சொன்னார்: “நீங்கள் கோழியைக் காப்பாற்றினீர்கள். ஆனால், உனக்குக் கொடுக்கத் தகுதியில்லை என்று பிபியிடம் சொல்லிவிட்டீர்கள்.”

அன்று இரவு செபத்தில் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணை நினைத்துக்கொண்டோம். பஞ்ச காலத்தில் அவளிடம் இருந்தது கையளவு மாவும் சிறிது எண்ணெயும்தான். எலியா இறைவாக்கினர் அவள் வறுமையைக் கண்டு ஒதுங்கிப் போகவில்லை. அவளிடமே அப்பம் கேட்டார். இந்த வரலாற்றை எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! ஆயினும் எங்களுக்கு அது அன்றுதான் விளங்கியது.

சாகா மக்களிடம் ஓர் அழகிய வழக்கம் உண்டு. அவர்கள் தோட்டங்களின் எல்லையில் நீண்ட இலைகளையுடைய ஒரு செடியை நடுகிறார்கள். அதன் பெயர் மசாலே. (நம் மசாலாவுக்கும் அதற்கும் உறவில்லை!) பிழை செய்தவர் அந்த இலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அது மன்னிப்புக் கேட்பதாகும். எவ்வளவு கோபம் இருந்தாலும் மன்னித்துவிட வேண்டும் என்பது மரபு.

மறுநாள் காலை அந்தச் சகோதரியோடு ஒரு மசாலே இலையை எடுத்துக்கொண்டு போனோம். வாசலில் நின்று “ஹோடி” என்றோம். பதில் இல்லை. மீண்டும் “ஹோடி” என்றோம். சற்றுப் பொறுத்து “கரிபு” என்று வந்தது. பிபி இலையை வாங்கி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பொக்கை வாயால் சிரித்தார். உள்ளே போனவர் ஒரு மண்வெட்டியோடு வந்து, அதை எங்கள் ஆசிரியையின் கையில் கொடுத்தார்!

நாங்கள் விழித்தோம். சகோதரி சிரித்துக்கொண்டே விளக்கினார். சுவாஹிலியில் ஒரு பழமொழி உண்டு: விருந்தினர் இரண்டு நாள் விருந்தினர், மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கொடு. இனி நாங்கள் விருந்தாளிகள் அல்லர், வீட்டுப் பிள்ளைகள் என்பதே அதன் கருத்து. நண்பகல் வரை பீன்ஸ் பாத்தியில் களையெடுத்தோம். பிறகு பேரப்பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து, கோழியும் வாழைக்காயும் சேர்த்துச் சமைத்ததை வயிறார உண்டோம். பிபி கேட்குமுன்பே இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டோம்.

அன்பு மாணவியரே, விருந்தோம்பலுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். விருந்தை ஏற்பதற்கும் ஒரு பண்பு வேண்டும் என்பதை அந்த மலைச்சரிவில் கற்றோம். கொடுக்கும்போது நம் கை மேலே இருக்கிறது; வாங்கும்போது கீழே தாழ்கிறது. அந்தத் தாழ்ச்சி நமக்கு எளிதில் வருவதில்லை. இதைப் பழக ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மா என்றாவது தம் வீட்டுக்கு அழைத்து ஒரு தம்ளர் மோர் நீட்டினால், “வேண்டாம்” என்று சொல்லிவிடாதீர்கள். உட்கார்ந்து, மகிழ்ச்சியோடு வாங்கிப் பருகுங்கள்.