பிறவி இதயக் குறைபாடு: இன்சூரன்ஸ் கிளெய்ம் கிடைக்குமா?

அனந்தபுரத்துல இருந்து ஒரு அப்பா கேட்டிருந்தார்: "சார், குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்துல ஓட்டை. இப்போ பாலிசி எடுத்தா கிளெய்ம் வருமா?"

முதல்ல ஒரு விஷயம். உதட்டுப் பிளவு மாதிரி கண்ணுக்குத் தெரிஞ்சா அது 'வெளி'க் குறைபாடு. இதயம் வலது பக்கம் இருக்கிறது, ரத்தக்குழாய் இடம் மாறியிருக்கிறது எல்லாம் 'உள்' குறைபாடு. உள் குறைபாட்டைப் பொதுவா விலக்கி வைக்கக் கூடாதுன்னு 2019-லயே ஐஆர்டிஏஐ சொல்லிடுச்சு. வெளிக் குறைபாட்டை விலக்கலாம்.

ஆனா கவனிங்க! ஏற்கெனவே கண்டுபிடிச்ச பிறவி இதயநோய்னா, உங்க சம்மதத்தோட அதை மட்டும் நிரந்தரமா விலக்கிட்டு பாலிசி தரலாம். அதுக்குப் பயந்து மறைச்சா பாலிசியே ரத்தாகலாம்.

அப்போ இவருக்கு என்ன வழி? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். வருஷத்துக்கு 5 லட்சம் வரை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில முதல்ல விசாரிங்க.

புதுசா கல்யாணமானவங்களே, பிறந்த முதல் நாளிலிருந்தே குழந்தைக்கும் கவர் தர்ற பாலிசியை இப்பவே பாருங்க. மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு; கர்ப்பமான பிறகு தேடினா லேட்!