பரண் மேல் கணினி – 8: மில் ஆபீஸ் பெட்டி

கொங்கு நாட்டில் பழைய கணினி தேடப் புறப்படுகிறவர், ஆப்பிள், கமடோர், அட்டாரி என்ற பெயர்களை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அவை மேலை நாடுகளில் டி.வி.யோடு இணைத்துப் பிள்ளைகள் விளையாடிய பெட்டிகள். நம் பக்கம் கணினி வீட்டுக்கு வரும் முன்பே கணக்குப்பிள்ளையின் மேசைக்கு வந்துவிட்டது. நூற்பாலை அலுவலகம், பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி, திருப்பூர் பனியன் கம்பெனி, ஆடிட்டர் ஆபீஸ், கூட்டுறவு சங்கம். அதனால் இங்கே பரணிலும் குடோனிலும் கிடப்பது பெரும்பாலும் ஒரே வகைதான்: ஐ.பி.எம். பிசியைப் பார்த்துச் செய்த கனமான தகரப் பெட்டி, பழுப்பேறிய மானிட்டர், பக்கத்தில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்.

சேகரிப்பாளர்கள் பலர் இந்தப் பெட்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. “இது வெறும் அசெம்பிள்டு பிசி” என்று ஒதுக்கிவிட்டு, இங்கிலாந்திலிருந்து ஸ்பெக்ட்ரம் கணினி வரவழைக்கப் பணம் சேர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் ஊரின் கணினி வரலாறு என்று ஒன்று இருந்தால், அது இந்த மில் ஆபீஸ் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அது இங்கே வந்து சேர்ந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி பங்கைக் குறைக்கச் சொன்னபோது மறுத்து, 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனது. அந்த இடத்தை 1976-ல் தொடங்கிய எச்.சி.எல்., டி.சி.எம்., பிறகு விப்ரோ போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் பிடித்தன. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். அமெரிக்காவில் தன் பிசியை வெளியிட்டது. பெரும்பாலும் வெளிச்சந்தையில் கிடைக்கும் பாகங்களால் ஆனது அது. சர்க்யூட் படத்தைப் புத்தகமாகவே அச்சிட்டு விற்றார்கள். அதைப் பார்த்து உலகம் முழுவதும் நகல்கள் பிறந்தன. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த புதிய கணினிக் கொள்கை, பாகங்கள் உள்ளே வரக் கதவைத் திறந்தது. மதராஸின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் ‘சிவா பிசி’யை 33,000 ரூபாய்க்குக் கொண்டுவந்து மற்றவர்களின் விலையை உடைத்தது. பெரிய ஆலைகளுக்கு மட்டுமே எட்டிய கணினி, நடுத்தரக் கம்பெனிகளுக்கும் எட்டத் தொடங்கியது அப்போதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1984-ல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அதையே மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் செய்தது. ஏதாவது பழைய பள்ளியின் ஆய்வுக்கூட அலமாரியில் அது கிடைத்தால், தயவுசெய்து அதை எடைக்கு விடாதீர்கள்.

எடைக்கு விடுவது என்றால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள உக்கடம் பக்கம் போய் ஒரு பழைய இரும்புக் கடையில் நின்றால் போதும். முழுப் பெட்டியாக விலை கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். “ஏனுங்க, ஓடாத பொட்டிய முழுசா வாங்கி என்னங்க பண்றீங்க? தகரம் தனி, போர்டு தனியாத்தானுங்க விலை.” போர்டுக்கு விலை அதிகம். 386, 486 காலத்துப் பீங்கான் சிப்புகளுக்கு அதைவிட அதிகம். காரணம், அவற்றின் கால்களிலும் உள்ளேயும் பூசியிருக்கும் தங்கம். ஆகவே கணினியின் மூளையைத்தான் முதலில் பிடுங்குகிறார்கள். பிறகு அமிலத்தில் போட்டுத் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் அமிலம் சாக்கடைக்குப் போகிறது. சேகரிக்கிறவர் கடைக்கு வரும் முன் பெட்டி பிரிக்கப்பட்டுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கடையைவிட, மூடப்போகிற அலுவலகத்தைத் தேடிப் போவதே பலன் தரும்.

பெட்டி கையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே பிளக்கைச் செருகக் கூடாது. இருபது, முப்பது ஆண்டு சும்மா கிடந்த பவர் சப்ளைக்கு நேராக 230 வோல்ட் கொடுத்தால், நன்றாக இருக்கும் மதர்போர்டையும் அது சேர்த்து எரித்துவிடக்கூடும். போர்டிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றுங்கள். மோட்டார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் வழியாக அதற்கு மின்சாரம் கொடுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டால் ஒரு பழைய டிரைவையோ சின்ன கார் பல்பையோ லோடாகக் கொடுத்து 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாக வருகின்றனவா என்று மீட்டரில் பாருங்கள். திரும்ப மாட்டும்போது இன்னொரு ஆபத்து. அந்தக் காலத்து பவர் சப்ளையிலிருந்து போர்டுக்குப் போவது இரண்டு தனித்தனிக் கனெக்டர்கள். பி8, பி9 என்று பெயர். இடம் மாற்றிச் செருகினாலும் கச்சிதமாக உட்காரும், போர்டு போய்விடும். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பேட்டரி. 286 முதல் 486 வரையிலான போர்டுகள் பலவற்றின் ஓரத்தில், சின்ன பீப்பாய் போல ஒரு 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைத்திருக்கும். தேதியும் நேரமும் மறக்காமல் இருக்க வைத்தது. பழைய போர்டுகளைக் கொன்றதில் இதற்கு நிகர் வேறொன்றும் இல்லை. வயதானதும் கசிகிறது. கசிவது காரம். அது போர்டின் மேலிருக்கும் பச்சைப் பூச்சுக்கு அடியில் ஊர்ந்து, செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். பக்கத்தில் இருக்கும் கீபோர்டு சாக்கெட்டும் விரிவாக்க ஸ்லாட்டுகளும் முதலில் சாகும். கணினி ஓடினாலும் ஓடாவிட்டாலும், பெட்டியைத் திறந்த அன்றே அந்தப் பேட்டரியை வெட்டி எடுத்துவிட வேண்டும். கசிந்த இடத்தில் நீர்த்த வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் காரம் அடங்கும். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்து, நன்றாக உலரவிட வேண்டும். போர்டில் வெளிப் பேட்டரிக்கான பின்கள் இருந்தால் அங்கே மூன்று பென்சில் பேட்டரிகளை ஒரு டயோடோடு சேர்த்து வெளியே வைக்கலாம். டயோடை விட்டுவிட்டால் சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரிக்குப் போர்டு சார்ஜ் ஏற்றப் பார்க்கும். அது மறுபடியும் ஆபத்து.

அரித்துப்போன தடங்களை மீண்டும் இணைக்க வேண்டும். இங்கேதான் கோவையில் இருப்பவருக்குப் பெரிய வசதி. சீலிங் ஃபேன் காயில் கட்டப் பயன்படும் 36 கேஜ் எனாமல் செம்புக் கம்பி இந்த வேலைக்குக் கச்சிதம். கணபதியிலோ பீளமேட்டிலோ ரீவைண்டிங் கடையில் கேட்டால் ஒரு சுருள் கிடைக்கும். மேலே இருக்கும் எனாமலை எப்படிச் சுரண்டுவது, ஈயம் எப்படிப் பிடிக்க வைப்பது என்று அந்தக் கடைக்காரரே காட்டிக்கொடுப்பார். எரிந்த பம்ப் மோட்டாரைத் தூக்கி எறியாமல் மறுபடி காயில் கட்டி ஓடவிடுவது இந்த மண்ணில் பல தலைமுறைப் பழக்கம். உடைந்த டிரைவ் லீவருக்கும் தேய்ந்த புஷ்ஷுக்கும் லேத் பட்டறை இருக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் வாரக்கணக்கில் காத்திருந்து வரவழைக்கும் உதிரிபாகத்தை, இங்கே மாதிரியைக் காட்டினால் கடைந்து கொடுப்பார்கள். கணினியைப் பழுது பார்க்க இதைவிடத் தோதான ஊர் தென்னிந்தியாவில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மில்லிலிருந்து வரும் பெட்டிக்குத் தனியாக ஒரு நோய் உண்டு: பஞ்சுத் தூசி. ஃபேன் சக்கரத்திலும் டிரைவின் வாயிலும் மெத்தை போல அடைந்திருக்கும். பட்டறைக் கம்ப்ரெசரை நேராகக் காட்டி ஊதக் கூடாது. அதன் காற்றோடு தண்ணீர்த் துளிகளும் வரும். மெல்லிய பிரஷ்ஷும் பொறுமையும் போதும். மானிட்டரின் பின்மூடியை மட்டும், தெரிந்தவர் கூட இல்லாமல் திறக்காதீர்கள். படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடித்துத் தள்ளும்.

பழுப்பேறிய பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்ஸைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைப்பது இப்போது உலகெங்கும் வழக்கம். கோவை வெயிலில் அது நன்றாகவே நடக்கும். நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் வேதிப்பொருளும் வயதும் சேர்ந்து வந்த நிறம் அது. வெளுத்தாலும் சில ஆண்டுகளில் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கறையாகப் படிந்திருக்கும். பக்கவாட்டில் ஆலையின் சொத்து எண்ணைப் பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். அதைத் துடைத்துவிட்டால் அந்தக் கணினி எங்கே உழைத்தது என்பதற்குச் சாட்சியே இல்லை. தூசியை எடுங்கள், பொட்டை விட்டுவிடுங்கள்.

இத்தனை பாடுபட்டு ஓடவைப்பது எதற்கு? பெட்டியைவிட மதிப்பு வாய்ந்தவை அதனோடு வரும் ஃப்ளாப்பிகள். இன்றைய யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ்கள் மூன்றரை அங்குலத்தை மட்டும் படிக்கும். அதற்கு முந்தைய ஐந்தேகால் அங்குல வட்டைப் படிக்கப் பழைய டிரைவ்தான் வேண்டும். பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். பூஞ்சை பிடித்த வட்டு டிரைவின் தலையையும் கெடுத்துவிடும். எழுத்துத் தடையையும் போட்டுவிடுங்கள்: ஐந்தேகால் வட்டில் ஓரத்துப் பள்ளத்தை ஒட்டி மூட வேண்டும், மூன்றரையில் துளை திறந்திருக்க வேண்டும். ‘கிரீஸ்வீசல்’ என்ற சின்ன போர்டைப் பழைய டிரைவோடு இணைத்தால், வட்டில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பிரதி எடுத்து இன்றைய கணினியில் சேர்த்துவிடலாம்.

அந்த வட்டுகளில் என்ன இருக்கும்? டிபேஸ் த்ரீ பிளஸ்ஸில் போட்ட மஸ்டர் ரோல், லோட்டஸ் 1-2-3-ல் பஞ்சுக் கொள்முதல், டாஸ் காலத்து டேலி கணக்கு. கோவையில் எத்தனையோ நூற்பாலைகள் மூடிப்போய்விட்டன. இடம் மனையாகிவிட்டது. ஒரு ஷிப்டில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், பஞ்சப்படி எப்போது எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் சில ஆலைகளில் இந்த வட்டுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும். அவற்றில் தொழிலாளர்களின் பெயரும் பி.எஃப். எண்ணும் இருக்கும். அவற்றை யாருக்கும் காட்டாமல் உரியவரிடமோ ஆய்வாளரிடமோ ஒப்படைப்பது சேகரிப்பவரின் கடமை.

தமிழில் அடித்த கோப்புகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. டி.டி.பி. சென்டர்களில் பேஜ்மேக்கரில் அடித்த கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், ஊர் வரலாறு, கவிதைத் தொகுப்பு எல்லாம் அந்தந்த எழுத்துருவுக்குள் சிறைப்பட்டவை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். வானவில்லுக்கு வேறு ஒழுங்கு, டிஸ்கிக்கு வேறு, 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் உருவான டாப், டாம் குறியீடுகளுக்கு வேறு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை இதே கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான், யூனிகோடையும் டேஸ்16-ஐயும் குறியீட்டுத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டுத் தமிழ் பல குறியீடுகளில் சிதறிக் கிடக்கிறது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள்கள் பெரும்பாலானவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடும். ஆனால் எந்த எழுத்துரு என்று முதலில் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி, அந்த எழுத்துருக்களோடு இருக்கும் அதே விண்டோஸ் 98 கணினியை ஓடவைப்பதுதான். ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போட்டால் சாவியும் பூட்டும் ஒன்றாகப் போய்விடும்.

இன்னொன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதல் கணினிகள் இப்போது உடைந்து, எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. லட்சக்கணக்கான வீடுகளில் முதல் கணினி அதுதான். சேகரிப்பாளர் யாரும் இன்னும் அதைத் தொடவில்லை. பையோடும் ஸ்டிக்கரோடும் ஒன்றை எடுத்துப் பத்திரப்படுத்துகிறவருக்கு என் வணக்கம்.

கோவையில் பழைய கார்களுக்கு ஜி.டி. நாயுடு குடும்பத்தார் அவினாசி சாலையில் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். பழைய கணினிக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்கும் சி.ஐ.டி.க்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் அறையை ஒதுக்கி, ஐந்தேகால் அங்குல டிரைவோடு ஓடும் நிலையில் ஒரு கணினி, விண்டோஸ் 98 ஓடும் கணினி ஒன்று, பழைய தமிழ் எழுத்துருக்கள் அத்தனையும் வையுங்கள். ஊரில் யார் ஃப்ளாப்பி கொண்டுவந்தாலும் மாணவர்கள் படித்துக் கொடுக்கட்டும். வாசகர்களுக்கு: உங்கள் அலுவலகத்திலோ அச்சகத்திலோ பழைய பெட்டி கிடந்தால் இந்த வாரமே திறந்து பேட்டரியை மட்டுமாவது வெட்டி எடுத்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம்: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் காய்ந்த ரிப்பனுக்கு மீண்டும் மை ஏற்றுவது எப்படி?