ஒரே உப்புப் படிவு, இரண்டு விதமான பாதிப்பு

உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் கீசரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காயில் மேல் வெள்ளையாக ஒரு ஓடு இருக்கும். ஆலைகளின் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களிலும் இதே கதைதான். இதை ஃபவுலிங் என்பார்கள்.

பெரும்பாலான உப்புகள் சூடு ஏறினால் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேரெதிர். அதனால் எந்த இடம் அதிகச் சூடோ அங்கேதான் போய் ஒட்டும். வெப்பம் கடக்க வேண்டிய இடமும் அதுதானே! தாமிரத்தின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 390, இந்தப் படிவுக்கு ஏறக்குறைய 2. ஆக 1 மி.மீ. படிவு, கிட்டத்தட்ட 20 செ.மீ. தாமிரச் சுவர் மாதிரி.

செயல்திறன் எவ்வளவு குறையும்? வெப்பத் தடைகளும் தொடர் இணைப்பில் உள்ள மின்தடைகள் மாதிரிதான், கூட்டிக்கொண்டே போகலாம்:

1 ÷ புது யூ = 1 ÷ பழைய யூ + படிவின் தடை

(யூ என்பது ஒட்டுமொத்த வெப்பப் பரிமாற்றக் குணகம். எண்கள் எல்லாம் எஸ்.ஐ. அலகில்.)

கூலிங் டவர் தண்ணீருக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் படிவுத் தடை சுமார் 0.00018. நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்ஸரில் யூ 3000 என்று வைத்துக்கொள்வோம். படிவுக்குப் பிறகு அது சுமார் 1950. 35% காலி! அதே படிவை யூ 50 மட்டுமே உள்ள வாயு-தண்ணீர் எக்ஸ்சேஞ்சரில் போட்டால் இழப்பு 1% கூட இல்லை.

ஏன்? வாயுப் பக்கத்தின் தடையே அங்கே மலை மாதிரி இருக்கிறது. 2 செகண்ட் எடுக்கும் குவெரியில் 20 மில்லிசெகண்ட் கூடினால் யாருக்குத் தெரியும்? கருவி எவ்வளவு நல்லதோ, அழுக்கு அவ்வளவு வலிக்கும்.

டிசைனர் இதற்கு என்ன செய்வார்? 35% போய்விடுமே என்று பரப்பளவை 54% கூட்டி வைப்பார். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கூடுதல் குழாய்களுக்குள் அதே தண்ணீர் பிரிந்து போவதால் வேகம் குறைகிறது, சேறு தங்குகிறது. புதுசில் கருவி தேவைக்கு மேல் குளிர்விப்பதால் ஆபரேட்டர் தண்ணீர் வால்வைக் குறைக்கிறார். வேகம் இன்னும் குறைகிறது, குழாய்ச் சுவர் சூடாகிறது, உப்பு ஒட்டுகிறது. அழுக்குக்காக விட்ட இடமே அழுக்கை வரவழைத்துவிடுகிறது.

அதனால் பரப்பைக் கூட்டுவதற்கு முன்னால் தண்ணீரின் வேகத்தைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பது நல்லது. பல மின் நிலையக் கண்டென்ஸர்களில் ஸ்பாஞ்ச் ரப்பர் பந்துகளைத் தண்ணீரோடு குழாய்களுக்குள் ஓடவிடுகிறார்கள். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாய் துடைக்கப்பட்டுவிடும்.