ரேம்பைச் சுற்றி ஒரு சாக்பீஸ் கோடு

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரும்பு டைல்ஸைக் கீறும் கிறீச்சொலி, அடுத்த கணமே 'தொம்' என்று வேனின் முன்பக்கம் தரையில் உட்கார்ந்த சத்தம்.

என் சித்தப்பா மகன் சொந்தமாக டெம்போ டிராவலர் ஓட்டுகிறான். கோயில் சுற்றுலா, கல்யாண வீடு, பள்ளிக்கூட டூர் என்று வாரம் முழுக்க வண்டி சாலையில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு போர்டிகோவிலேயே ஆயில் மாற்றிவிடலாம் என்று ஒரு ஜோடி ரேம்ப் வாங்கி வந்தான். முன் சக்கரங்கள் சரிவில் பாதி ஏறியிருந்தன. "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று நான் கை காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு ரேம்பும் ஒரே நேரத்தில் முன்னால் நழுவின. நான் நின்றது சுவரோரம், ரேம்புக்கு நேர் எதிரே. ஒன்று என் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் இடித்து நின்றது. பம்பர் உடைந்தது, வேறொன்றும் ஆகவில்லை. இன்னும் கால் மணி நேரம் கழித்து நழுவியிருந்தால் அவன் அடியில் படுத்திருப்பான்.

அன்று நடந்ததைக் கணக்குப் போட்டே முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். ரேம்பின் உயரம் 22 சென்டிமீட்டர், சரிவு ஓடும் தூரம் 70 சென்டிமீட்டர், முன் அச்சில் இறங்கும் பாரம் 1,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராவலரில் எஞ்சின் முன்னால் இருந்தாலும் இழுவை பின் சக்கரத்தில்தான். முன் சக்கரங்கள் தாமாக ஏறுவதில்லை, பின்னாலிருந்து தள்ளப்பட்டு ஏறுகின்றன. அந்தத் தள்ளு அப்படியே ரேம்பின் மேல் விழும். பாரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, அதாவது 400 கிலோவுக்கு மேல். இதைத் தடுத்து நிறுத்த இருப்பது ரேம்பின் அடிக்கும் தரைக்கும் நடுவே உள்ள பிடிப்பு மட்டும். வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் இருக்கும் கான்கிரீட் மேடையில் எத்தனை கனமான வண்டியும் பயமில்லாமல் ஏறுகிறது என்றால், அந்த மேடை தரையோடு தரையாகக் கட்டப்பட்டது என்பதுதான் காரணம். போர்டிகோவில் நாம் வைக்கும் ரேம்புக்கு அப்படி வேர் கிடையாது. சொரசொரப்பான சிமெண்ட் தரை ஓரளவு தாங்கும். டைல்ஸ் தாங்காது, ஆயில் சிந்திய டைல்ஸ் தாங்கவே தாங்காது. முன் சக்கர இழுவை உள்ள வண்டியில் ஆபத்து எதிர்த்திசையில் வரும். ஆக்சிலரேட்டரை அவசரமாக மிதித்தால் சக்கரமே ரேம்பைத் தன் அடியிலிருந்து பின்னால் உதறிவிடும்.

பைபாஸ் ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டோம். முப்பது வருடமாக வண்டிக்கு அடியில் படுப்பவர். வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். "இங்க வேணாம் தம்பி. பின்னாடி சிமெண்ட் தரை இருக்குல்ல, அங்க போவோம்" என்றார். மண் தரையா என்று நான் கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தார். மண்ணில் ஒரு ரேம்ப் புதைந்து வண்டி ஒரு பக்கம் சாயும். சமமான, காய்ந்த, கெட்டியான தரை. அது அமையாவிட்டால் அன்றைக்கு வேலையே வேண்டாம் என்பது அவர் கட்சி.

அடுத்து எடை. ரேம்பில் எழுதியிருக்கும் டன் கணக்கு ஜோடிக்கா, ஒன்றுக்கா, முழு வண்டி எடைக்கா என்று படித்துப் பார்க்கச் சொன்னார். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 2 டன் என்று போட்டிருப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றும் 2 டன் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். வண்டியின் காலி எடை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். ஆனால் ரேம்புக்கு வேண்டியது அச்சின் பாரம். ஏதாவது ஓர் எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினால் அது தனியாகத் தெரிந்துவிடும். சில நிமிட வேலை, இதைச் செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை. இன்னொன்று: பின்னால் டபுள் டயர் உள்ள வண்டிகளின் பின்பக்கத்தைக் காருக்குச் செய்த ரேம்பில் ஏற்றவே கூடாது. ஒரு டயர் அந்தரத்தில் தொங்கும்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸ் எடுத்தார். ரேம்புகளை டயருக்கு நேராக, ஒட்டி வைத்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் தடித்த ரப்பர் பாய் விரித்தார். ரேம்பின் அடியைச் சுற்றித் தரையில் கோடு போட்டார். "ஏத்துறப்ப கோட்டைத்தான் பாக்கணும். ஒரு விரக்கடை நகர்ந்தாலும் இறக்கிடு." என்னை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில், எட்ட நிற்க வைத்தார். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. முதல் கியர், கிளட்ச்சை நிதானமாக விட்டு, ஒரே சீராக ஏற வேண்டும். உச்சியில் ஒரு சிறு தடுப்பு இருக்கிறது என்றாலும் கனமான வேனில் அது ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. தாண்டினால் முன்பக்கம் குப்புற விழும். சக்கரம் மேல்தட்டின் நடுவில் வந்ததும் பஸ் கண்டக்டர் மாதிரி "ஹோல்டான்!" என்று கத்தச் சொன்னார், கத்தினேன்.

நடுவில் நிறுத்துவதற்கும் ஓரத்தில் நிறுத்துவதற்கும் வித்தியாசம் பெரிது. சக்கரம் தட்டையான இடத்தில் முழுதாக உட்கார்ந்தால் வண்டிக்கு உருளக் காரணமில்லை. சரிவின் விளிம்பில் நின்றால் அந்த 400 கிலோ இழுப்பு ஓயாமல் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஜாக்கியைவிட ரேம்பை அவர் நம்பியதற்குக் காரணம் உண்டு. 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீர்மவிசை அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஹைட்ராலிக் ஜாக்கி அதே தத்துவத்தில்தான் தூக்குகிறது. டன் கணக்கான பாரமும் கடைசியில் ஒரு சிறு ரப்பர் சீலை நம்பியே நிற்கிறது. சீல் கசிந்தால் வண்டி சத்தமில்லாமல் இறங்கும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. ரேம்பில் அசையும் பாகமே கிடையாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வைத்து முட்டுக் கொடுப்பதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். சுவரில் பரவலாகப் பாரம் தாங்கும் ஹாலோ பிளாக், ஒரே புள்ளியில் பாரம் இறங்கினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். தரையில் நிற்கும் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு மாதிரி செதுக்கிய மரக்கட்டைகளைச் செருகினார். உருண்டைக் கல்லை வைத்தால் அது டயரோடு சேர்ந்து உருளும். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் வேலை என்றால் இந்தக் கட்டைகள்தான் எல்லாம். ஷாஃப்ட் கழன்ற நொடியிலிருந்து கியர் வண்டியைப் பிடிக்காது. அதற்குமேல் சேசிஸுக்கு அடியில் ஒரு ஜோடி ஸ்டாண்டு, படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டெப்னியைப் படுக்கவைப்பது. (வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் பிறந்த உபரிச் சக்கரத்தின் பெயர் அது. அங்கே மறந்துபோன சொல் நம் ஊர் பஞ்சர் கடைகளில் உயிரோடு இருக்கிறது.) எல்லாம் தவறினாலும் அந்த டயர் அகலத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கடைசியாகத் தோளைக் கொடுத்து வண்டியைப் பக்கவாட்டில் பலமாக ஆட்டினார். "விழுறதா இருந்தா இப்ப விழட்டும்." அதன் பிறகுதான் சாக்கை விரித்துப் படுத்தார். இறுகிப்போன நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே, கை எட்டும்வரை, தளர்த்தி வைத்திருந்தார். நீள ராடு போட்டு அடியிலிருந்து முழுப் பலத்தோடு இழுத்தால் வண்டி ஆடும்.

அவர் வேலை செய்த நேரம் முழுக்க எங்களில் ஒருவர் அங்கேயே நின்றார். தனியாக யாரும் படுக்கக் கூடாது. நெஞ்சின்மேல் பாரம் இறங்கினால் கூப்பிடக் குரல் வராது, அவகாசம் சில நிமிடங்கள்தான். ஜாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். கால் நெடுநேரம் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர் நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் சிக்கி உயிரோடு மீண்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை எரிக் பைவாட்டர்ஸ் 1941-இல் பதிவு செய்தார். நசுங்கிய தசையின் நஞ்சு ரத்தத்தில் கலப்பதால் வருவது அது.

வேலை முடிந்ததும் டிரேயையும் ஸ்பேனர்களையும் எண்ணி வெளியே எடுத்தார். ஸ்டாண்டு, கட்டைகள் எல்லாம் அகற்றிய பின் தம்பி ரிவர்ஸ் கியரில் மெல்ல இறக்கினான். அண்ணன் குனிந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். வலது ரேம்ப் கோட்டிலேயே இருந்தது. இடதுபக்கம் அரை விரற்கடை நகர்ந்திருந்தது. பாயைப் புரட்டினார். அதன் அடியில், கட்டைவிரல் அகலத்துக்கு, எப்போதோ சிந்திய ஆயில் கறை. துணியில் மண்ணெண்ணெய் நனைத்து, மண்டியிட்டு, அதைத் துடைக்க ஆரம்பித்தார்.