பிரிந்தாச்சு... இஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் இனி யார் கட்டுவது?

ஹிஞ்சவடியில் இருவருக்கும் ஐடி வேலை. வாக்கடில் இருவர் பெயரிலும் ஃபிளாட், அதற்கு 20 வருட வீட்டுக் கடன், பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை. புனேயில் உங்களுக்குத் தெரிந்த பல குடும்பங்கள் இப்படித்தான் இருக்கும். இவர்கள் பிரிந்தால், விவாகரத்து வர மாதங்களோ வருடங்களோ ஆகலாம். ஆனால் அடுத்த மாத இஎம்ஐ காத்திருக்காது. இரண்டு சம்பளத்தில் ஒரு வீடு ஓடியது. இனி அதே சம்பளத்தில் இரண்டு வீடு ஓடணும்.

தீர்ப்பு வரும்வரை செலவுக்கு என்ன வழி?

இடைக்கால ஜீவனாம்சம். சிவாஜிநகரில் உள்ள குடும்ப நீதிமன்றத்தில் இதற்கு மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவுதான், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144ஆவது பிரிவாக இருக்கிறது. எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். நோட்டீஸ் கொடுத்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிவு சொல்லணும் என்கிறது சட்டம்.

நடைமுறை வேறு. நாக்பூர் குடும்ப நீதிமன்றத்தில் ஒரு மனைவி 2013 செப்டம்பரில் மனு போட்டார். இடைக்கால உத்தரவு வந்தது 2015 ஆகஸ்டில்: மனைவிக்கு மாதம் 15,000 ரூபாய், மகனுக்கு முதலில் 5,000, பிறகு 10,000. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 நவம்பர் 4 அன்று ‘ரஜ்னேஷ் எதிர் நேஹா’ என்ற அந்த வழக்கில் வந்த தீர்ப்புதான் இன்று நாடு முழுவதும் வழிகாட்டி.

அந்தத் தீர்ப்பில் உங்களுக்கு என்ன இருக்கு?

முதலாவது, ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்படும், உத்தரவு வந்த தேதியிலிருந்து அல்ல. அதனால் ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்று மனு போடாமல் கழியும் மாதங்களுக்கான பணம் பெரும்பாலும் போனதுதான்.

இரண்டாவது, இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லணும். பொய் சொன்னால் நடவடிக்கை வரும்.

நானும் சம்பாதிக்கிறேனே, கிடைக்குமா?

மனைவிக்கு வேலை இருக்கிறது என்பதால் மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது, தொகை குறையலாம். குழந்தையின் செலவு தனிக் கணக்கு. தாயும் போதுமான அளவு சம்பாதித்தால், வருமான விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு, குழந்தைக்கு மாதம் 30,000 ரூபாய் செலவு, அப்பாவுக்கு 1.2 லட்சம், அம்மாவுக்கு 60,000 சம்பளம் என்றால், பங்கு 20,000, 10,000. இந்து திருமணச் சட்டத்தின்கீழ், வருமானம் இல்லாத கணவரும் ஜீவனாம்சம் கேட்கலாம்.

வீட்டுக் கடன்?

பலர் சறுக்கும் இடம் இதுதான். ‘ஃபிளாட் அவளுக்கு, இஎம்ஐ அவள் கட்டுவாள்’ என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்ளலாம். வங்கி அந்த ஒப்பந்தத்தில் இல்லை. கடன் பத்திரத்தில் இருவர் கையெழுத்தும் இருக்கும்வரை, முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் ஸ்கோரும் விழும்.

உங்கள் பெயரை எடுக்க வங்கியின் சம்மதம் வேண்டும். மீதிக் கடனைக் கட்ட மற்றவரின் சம்பளம் தனியாகப் போதுமா என்று வங்கி பார்க்கும். சொத்தில் உங்கள் பங்கை எழுதிக்கொடுப்பது வேறு வேலை. கடனிலிருந்து வெளியே வராமல் அதைச் செய்தால், வீடு போய்விடும், கடன் மட்டும் மிஞ்சும்.

வரி உண்டா?

1983இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னபடி, மாதாமாதம் வரும் ஜீவனாம்சம் வருமானம், அதனால் வரி உண்டு. ஒரே தவணையில் வரும் மொத்தத் தொகை வருமானம் ஆகாது. கொடுப்பவருக்கு எந்த வரிச் சலுகையும் இல்லை. ஒப்பந்தம் பேசும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

• மூன்று வருட வங்கி அறிக்கை, வரிக் கணக்கு, சம்பளச் சீட்டுகளை நகலெடுத்து வையுங்கள்.
• குழந்தையின் ஃபீஸ், வேன், மருத்துவச் செலவுகளை ரசீதோடு மாதவாரியாக எழுதுங்கள்.
• பிஎஃப், காப்பீட்டில் நாமினி யார் என்று பாருங்கள்.
• விவாகரத்துக்குப் பிறகு உங்கள் துணையின் அலுவலக மெடிக்ளைமில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். முன்பே தனி பாலிசி எடுங்கள்.
• வீட்டுக் கடன் வங்கியிடம் பேசிய பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுங்கள்.