கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது

1999 டிசம்பரில் இந்திய அணி ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் தொடரைத் தொடங்கியபோது, இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களும் பொறுப்புக்குப் புதியவர்கள். இந்தியாவுக்குக் கபில்தேவ். 434 டெஸ்ட் விக்கெட்டுகள், 5,248 ரன்கள், 1983 உலகக் கோப்பை என்று அவரை அறிமுகம் செய்யவே தேவையில்லை. ஆஸ்திரேலியாவுக்கு ஜான் புக்கானன். குயின்ஸ்லாந்துக்காக 7 முதல்தர ஆட்டங்கள் மட்டும் ஆடியவர். டெஸ்ட் பக்கமே போகாதவர். தொடர் 3-0 என ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அடுத்து இந்தியா சொந்த மண்ணிலேயே தென்னாப்பிரிக்காவிடம் 2-0 என்று தோற்றது. கபில் ஏறக்குறைய ஓராண்டில் விலகினார். புக்கானனின் அணியோ 2003, 2007 உலகக் கோப்பைகள் இரண்டையும் வென்றது.

மெக்ராத்தும் வார்னும் பான்டிங்கும் உள்ள அணி யார் பயிற்சி தந்தாலும் வென்றிருக்கும் என்று சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் இதே கதை மற்ற ஆட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஐஸ் ஹாக்கியின் மாமன்னன் வேய்ன் கிரெட்ஸ்கி 2005 முதல் 2009 வரை ஃபீனிக்ஸ் அணிக்குப் பயிற்சி தந்தார். நான்கு பருவங்களில் ஒருமுறைகூட அந்த அணி பிளே-ஆஃப் சுற்றை எட்டவில்லை. கூடைப்பந்தில் 5 பட்டங்கள் வென்ற மேஜிக் ஜான்சன் 1994-ல் தன் பழைய லேக்கர்ஸ் அணியை 16 ஆட்டங்களுக்கு நடத்தினார், 11 தோல்விகள். மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா, 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியிடம் 4-0 என்று வீழ்ந்தது.

ஆணவம், பொறுமையின்மை என்று குணத்தின் மேல் பழி போடுவது எளிது. உளவியல் ஆய்வுகள் கைகாட்டும் இடம் வேறு. மகத்தான ஆட்டக்காரருக்குத் தான் செய்வது என்ன என்பதே முழுதாகத் தெரியாது.

'பந்தைக் கடைசிவரை பார்த்து ஆடு.' கிரிக்கெட் பயிற்சிக்குப் போன ஒவ்வொரு பிள்ளையும் கேட்ட வாக்கியம் இது. 2000-ல் மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியாட் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மட்டையாளர்களின் தலையில் கேமராவைப் பொருத்தி, கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். பந்து கையை விட்டு வரும் கணத்தில் கண் அதன்மேல் இருக்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டுத் தாவி, அது தரையில் பட்டு எழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறது. பந்து எழுந்ததும் மறுபடி சிறிது தூரம் தொடர்கிறது. ஆட்டக்காரர் எவ்வளவு தேர்ந்தவரோ அவ்வளவு சீக்கிரம் இந்தத் தாவல் நடக்கிறது. அதாவது, பந்தைக் கடைசிவரை பார்த்தே ஆடியதாக உளமார நம்பும் ஒருவரின் கண், பாதி வழியில் பந்தை விட்டுவிட்டிருக்கிறது. தான் செய்யாத ஒன்றை அவர் சிஷ்யனுக்குச் சொல்லித்தருகிறார். பொய் சொல்லவில்லை, தன் கண் செய்யும் வேலை அவருக்கே தெரியாது.

இது ஏன்? எந்தத் திறனையும் கற்கும்போது முதலில் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்கிறோம். பிறகு தவறுகள் குறைகின்றன. கடைசியில் யோசனையே இல்லாமல் உடம்பு தானாகச் செய்கிறது. பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் இருவரும் 1967-லேயே இந்த மூன்று படிகளை விவரித்தார்கள். மூன்றாம் படிக்கு ஏறியவருக்கு முதல் படி மறந்துபோகிறது. ரசத்துக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் 'கண்ணளவுதான்' என்று பாட்டி சொல்வது இதனால்தான்.

ஷான் பெய்லாக், தாமஸ் கார் இருவரும் 2001-ல் வெளியிட்ட கோல்ஃப் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பந்தைக் குழிக்குள் தட்டிவிடுவது பொதுவாக எப்படி என்று கேட்டபோது, தேர்ந்த ஆட்டக்காரர்கள் புதியவர்களைவிட விரிவாகச் சொன்னார்கள். 'சற்றுமுன் தட்டினீர்களே, அதில் என்ன செய்தீர்கள்?' என்றபோது புதியவர்களைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். பிறகு தண்டு வளைந்து, எடை கோணலாக இருக்கும் ஒரு விசித்திர மட்டையைக் கையில் கொடுத்தார்கள். பழகிய கைக்கு அது பிடிபடவில்லை. ஒவ்வொரு தட்டலையும் யோசித்துச் செய்ய வேண்டியதாயிற்று. உடனே நினைவும் திரும்பியது! இந்தக் கோணல் மட்டையைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மறதி ஒரு பக்கம் என்றால், கற்பவரின் சிரமத்தைக் குறைத்து மதிப்பிடுவது இன்னொரு பக்கம். பமேலா ஹைண்ட்ஸ் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், செல்போனைப் புதிதாகக் கையாள்பவருக்கு ஒரு வேலையை முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கணிக்கச் சொன்னார். கைதேர்ந்தவர்களின் கணிப்பு மோசமாகத் தவறியது. ஓரளவு பழகியவர்களே உண்மைக்கு நெருங்கினார்கள்.

2022-ல் டேவிட் லெவாரியும் சகாக்களும் இன்னொன்றைக் கண்டார்கள். ஒரு சொல் விளையாட்டில் சிறந்து விளங்கியவர்கள் தந்த ஆலோசனை, மற்றவர்களின் ஆலோசனையைவிடக் கூடுதலாக உதவவில்லை. ஆனால் அதைப் பெற்றவர்கள் அதுதான் சிறந்தது என்று நம்பினார்கள். காரணம், அது அளவில் அதிகமாக இருந்தது.

இதற்கு எதிரான சான்றும் உண்டு. அதை மறைப்பது முறையல்ல. அமாண்டா குடால், லாரன்ஸ் கான், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் மூவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணிகளை ஆராய்ந்தது. முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர்கள் நடத்திய அணிகள் அங்கே கூடுதலாக வென்றிருந்தன. முரண் போலத் தோன்றினாலும், என்பிஏ வீரருக்குப் பந்தைத் தட்டக் கற்றுத்தர வேண்டியதில்லை. எப்போது யாரை இறக்குவது, நெருக்கடியில் என்ன முடிவெடுப்பது என்பதே அங்கு பயிற்சியாளரின் வேலை. அதற்கு அனுபவம் உதவும். வீரர்களும் அவர் பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள். அடிப்படையைக் கற்கும் 12 வயதுப் பிள்ளையின் நிலை முற்றிலும் வேறு.

நட்சத்திரங்களிலும் சிலர் அருமையான ஆசான்கள். அவர்களில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியைச் சென்னை நன்றாக அறியும். 1973-ல் மேற்கிந்தியப் பயணத்தின்போது அவருடைய கீழ்முதுகெலும்பில் விரிசல்கள் விழுந்தன. ஆட்ட வாழ்க்கை முடிந்தது என்று பலரும் எண்ணினார்கள். முதலில் மாவுக்கட்டு, பிறகு உடற்கல்வி அறிஞர் ஃபிராங்க் பைக்கின் வழிகாட்டுதலில் தசை தசையாக உடம்பைத் தேற்றினார். பந்து வீசும் முறையையும் யோசித்து யோசித்துச் சீரமைத்தார். வேகத்தை மட்டும் நம்பாமல் கட்டர் பந்துகளைச் சேர்த்துக்கொண்டார். 1974-75 ஆஷஸ் தொடரில் 25 விக்கெட்டுகளுடன் திரும்பினார். அந்த முறிந்த முதுகுதான் லில்லிக்குக் கிடைத்த கோணல் மட்டை. தானாக நடந்துகொண்டிருந்ததை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துப் பார்க்க அது அவரைக் கட்டாயப்படுத்தியது.

1987-ல் சென்னையில் எம்ஆர்எஃப் வேகப்பந்து அறக்கட்டளை தொடங்கியபோது அவர் அழைக்கப்பட்டார். 2012 வரை அதற்கு வழிகாட்டினார். ஸ்ரீநாத், ஜாகிர்கான் போன்றவர்கள் அங்கே பயின்றவர்கள். வேகப்பந்து வீச்சாளராகும் கனவோடு வந்த சிறுவன் சச்சினிடம், 'மட்டையைக் கவனி' என்று சொல்லி அனுப்பியவரும் லில்லிதான்.

பேட்மிண்டன் வீரர் புல்லேலா கோபிசந்தின் கதையும் இதை ஒட்டியதே. முழங்கால் காயமும் அறுவை சிகிச்சைகளும் தாண்டி, 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர் அவர். அவரிடம் பயின்ற சாய்னா 2012 ஒலிம்பிக்கில் வெண்கலமும், சிந்து 2016-ல் வெள்ளியும் கொண்டுவந்தார்கள். இரண்டு மனிதர்களின் வாழ்க்கை ஒரு விதியை நிறுவிவிடாது. ஆனாலும் கோல்ஃப் ஆய்வு சொன்னதோடு இவர்கள் கதை பொருந்துகிறது.

கோடை விடுமுறையில் தெருவுக்குத் தெரு பயிற்சி முகாம் பேனர்கள் முளைக்கும். பெரிய ஆட்டக்காரரின் படம் இருக்கும். கட்டணமும் அதற்கேற்ப இருக்கும். பெற்றோர்களே, பணம் கட்டுமுன் ஒரு மாலை மைதானத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். ஒரு பிள்ளை அதே தவறை மூன்றாம் முறை செய்யும்போது, பயிற்சியாளர் அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்கிறாரா, வேறொரு வழியில் சொல்லிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பேனரில் இருப்பவர் எடுத்த ரன்களைவிட அதுவே உங்கள் பிள்ளைக்கு முக்கியம்.