ஊர்ப் பெயர் தாங்கிய நோட்டுகள்

இன்று மொன்றியலில் புழங்கும் கனடா நோட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் அருகருகே இருக்கின்றன. யாரும் நின்று கவனிப்பதில்லை. அந்த இடம் பிரெஞ்சுக்குத் தானாக வந்ததல்ல.

19ஆம் நூற்றாண்டில் அங்கே பெரும்பாலும் தனியார் வங்கிகளே நோட்டு வெளியிட்டன. பெரிய வங்கிகள் ஆங்கிலம் பேசும் வணிகர்கள் கையில் இருந்தன. அவற்றுக்கு மாற்றாக, பிரெஞ்சு பேசுவோருக்கென 1835இல் லூயி-மிஷேல் விஜேயும் ஜேக்கப் டிவிட்டும் மொன்றியலில் 'பாங்க் டு பெப்ல்', அதாவது மக்கள் வங்கியைத் தொடங்கினார்கள். 1859இல் கியூபெக் நகரில் 'பாங்க் நாசியோனால்' உருவானது. 1870களில் சென்-ஹியாசிந்த், சென்-ஜான் போன்ற சிற்றூர்களுக்கும் சொந்த வங்கி வந்தது. சொந்த நோட்டும் வந்தது. தன் ஊர்ப் பெயர் அச்சான பணத்தைக் கையில் வாங்கிய உழவருக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

ஆனால் அந்த நோட்டு ஒரு வாக்குறுதி மட்டுமே. தொடக்கத்தில் வங்கி நிலைக்கும்வரைதான் அதற்கு மதிப்பு இருந்தது. மொன்றியலின் வில்-மரி வங்கி, சட்டம் அனுமதித்த அளவை மீறி ரகசியமாக நோட்டுகளை வெளியிட்டது. 1899இல் அது கவிழ்ந்தபோது தலைவர் வில்லியம் வெயர் சிறைக்குப் போனார். நோட்டு வைத்திருந்தோரைக் காக்க 1890இன் சட்டம் எல்லா வங்கிகளிடமும் பணம் பெற்று ஒரு பொது நிதியை அமைத்திருந்தது. சேமிப்பைப் போட்டுவைத்த எளியவர்களுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை. 1908இல் சென்-ஜான், சென்-ஹியாசிந்த் வங்கிகளும் மூடப்பட்டன. அந்தச் சேமிப்பாளர்களை நினைத்தால், அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1933இல் கனடாவுக்கு மத்திய வங்கி வேண்டுமா என்று ஆராய்ந்த ஐவர் குழுவில் மூவர் வேண்டும் என்றார்கள். மறுத்த இருவரில் ஒருவர், பிரெஞ்சு பேசுவோரின் வங்கியான பாங்க் கனடியென் நாசியோனாலின் பொது மேலாளர் போத்ரி லெமான். 1935இல் மத்திய வங்கியாகக் கனடா வங்கி வந்தது. அதன் முதல் நோட்டுகள் ஆங்கிலத்தில் தனியாகவும் பிரெஞ்சில் தனியாகவும் அச்சாயின. 1937இல்தான் இரண்டும் ஒரே தாளில் சேர்ந்தன. நூறாண்டுக்கு மேலாகத் தங்கள் பணத்தைத் தாங்களே அச்சிட்டு வந்த பிரெஞ்சு பேசும் சமூகத்துக்கு இது குறைந்தபட்ச நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

1944இன் சட்டம் தனியார் வங்கிகளின் நோட்டு உரிமையை முடித்துவைத்தது. லெமானின் வங்கி 1979இல் இன்னொன்றோடு இணைந்து 'நேஷனல் பேங்க் ஆஃப் கனடா' ஆனது; 2025இல் மேற்குக் கனடாவின் வங்கி ஒன்றையும் வாங்கிக்கொண்டது. நோட்டு மட்டும் அது அச்சிடுவதில்லை. மக்களிடம் மிஞ்சியிருந்த பழைய தனியார் நோட்டுகளுக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பை 1950இல் கனடா வங்கி ஏற்றுக்கொண்டது.